வெயில் பக்கம்

திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி, யாரும் கழற்றவில்லை என்று தெரிந்ததும் போட்டுக்கொண்டே வந்து, பளபளவென்று இருந்த தரையில் அது எழுப்பிய சத்தத்துக்கு நானே கூசிப்போய், இந்த ஓவியக் கூடத்தின் மூலை திரும்பியதும் கண்ணில் பட்டது அதுதான். என்னுடைய துணிப்படம் வெள்ளைச் சுவரில் ஒற்றையாகத் தொங்குகிறது, வருகிறவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். யாரோ பாவம், பிரிந்த விளிம்பும் முடிச்சுமாக அப்படியே அனுப்பிவிட்டார்களே என்று பரிதாபம்கூடப் பட்டேன். அப்புறம்தான் இடது ஓரத்தில் பவானி ஜமுக்காளத்தின் சிவப்புக் கரை தெரிந்தது. அந்தக் கரையைத் தைக்கும்போதுதான் ஊசி ஒடிந்து என் ஆள்காட்டி விரலில் ஏறியது, அதை மறக்க முடியுமா. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. துளசிமணி, ஈரோடு. கடைசி நாள், சாயங்காலம். கலப்பு ஊடகம். துணியையும் நூலையும் தவிர நான் எதையும் கலக்கவில்லை, ஆனால் அட்டையில் அச்சடித்துவிட்டால் கலந்ததாகத்தான் அர்த்தம். எதிரே மெத்தை போட்ட பெஞ்சு ஒன்று இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். சுவருக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அந்த இருட்டுக்குள் என் பொருட்காட்சி மைதானம் முழுசும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ராட்டினம், வரிசைக் கடைகள், மஞ்சள் பல்புகள், பெரிய அப்பளத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் பொம்பளை, அப்பன் தோளில் தூங்கிப்போன குழந்தை, வலது கீழ் மூலையில் சங்குக் கடை, அதில் வெள்ளை அரைக்கைச் சட்டையும் மீசையுமாகச் சூசையண்ணன். அவர் இன்று சாயங்காலம் வருகிறார். தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி, தன்னைத் தானே பார்ப்பதற்கென்று வருகிறார்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. முகம் உள்ளே, முதுகு வெளியே என்று சுருட்டி அனுப்பியது நான்தான். எத்தனை வருஷத்துப் பழக்கம். எந்த ஊர்க் கண்காட்சியில் இடம் கேட்டாலும் எங்களுக்கு மேற்குப் பார்த்த கடைதான் கிடைக்கும். கிழக்குப் பார்த்ததெல்லாம் ஏற்பாட்டுக்காரர்களின் மச்சானுக்கும் மாமனுக்கும் போக, மிச்சமிருக்கும் வெயில் வரிசையில் முதல் கடை எனக்கு, அடுத்த கடை சங்கு, சிப்பி, முத்துமாலை விற்கும் சூசையண்ணனுக்கு. மதியச் சாப்பாடு முடிந்து சோற்றுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பதற்குள் வெயில் கடைக்குள் கால் நீட்டிவிடும். சாயத் துணிக்கு வெயில் எமன். நீலம் முதலில் போகும், அப்புறம் ரோஸ், கடைசியில் எல்லாம் வெளுத்த வேட்டி. அதனால் மதியம் ஆனதும் படங்களையெல்லாம் திருப்பிவிடுவேன், முகம் உள்ளுக்கு, முதுகு வெயிலுக்கு. சாயங்காலம் வெயில் இறங்கியதும் மறுபடி திருப்புவேன். இதற்காகவே என் படங்களுக்கெல்லாம் மேலே துணியால் காது தைத்து மூங்கில் கம்பில் கோத்திருப்பேன், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தொங்கும். சின்னப் படம் என்றால் நானே திருப்பிக்கொள்வேன். பெரிய படத்துக்கு ஆள் வேண்டும், கம்பின் ஒரு முனை என் கையில், மறு முனை சூசையண்ணன் கையில். நான் கூப்பிடவே வேண்டியதில்லை. வெயில் எங்கள் கடை மேசைக் காலைத் தொட்டதும் அவர் சிப்பியைத் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். "பிடிச்சுட்டியா தங்கச்சி?" "பிடிச்சுட்டேனுங்கண்ணா." "ம்." அந்த ஒரு 'ம்'முக்கு இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி, சேர்ந்து சுற்றி, சேர்ந்து மாட்டுவோம். கல்யாண வீட்டில் அண்டா தூக்குகிறவர்களுக்குக்கூட அவ்வளவு ஒத்துப்போகாது. மதியத்தில் வருகிற பெண்கள், என்னங்க இது, பின்னாடி முன்னாடியா தொங்குது என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து பதில் வரும். "அது வெயில் பக்கம்மா. ஒரு சுத்து சுத்திட்டு, பஜ்ஜி தின்னுட்டு வாங்க. வெயில் எறங்கட்டும், பெறகு பாருங்க." அவர்களும் போய்ச் சுற்றிவிட்டு, எண்ணெய்க் கையோடு திரும்பி வந்து என் படத்தைத் தடவிப் பார்ப்பார்கள். தடவட்டும். துணி என்றால் தொடத்தானே வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கண் விரல் நுனியில் இருக்கிறது. முதலில் தொடுவார்கள், அடுத்து மூலையைத் தூக்கி முதுகைப் பார்ப்பார்கள், முதுகு சுத்தமாக இருந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். அதனால்தான் நான் லைனிங் வைப்பதில்லை. லைனிங் வைத்தால் மூடி மறைப்பதாக நினைப்பார்கள். என் முதுகை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று ஒரு திமிர். இப்போது பார்க்கிறார்கள்.

எழுந்து போய் இப்படியே ஒரு முனையைக் கழற்றினால் என்ன. கழற்றினால் மறு முனை சரியும். கூரையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி இறங்குகிறது, அதன் நுனியில் கொக்கி, கொக்கியில் என் மூங்கில். ஒரு ஆளால் திருப்ப முடியாது. போனில் என்னோடு பேசிய பெண்ணிடம் சொன்னால் ஆள் விட்டுத் திருப்பித் தந்துவிடுவாள். சொல்லிவிடலாம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அம்மணி, இது பின்பக்கமுங்க, அவ்வளவுதானே. நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். மிருதுளா என்று பெயர், இந்த ஓவியக் கண்காட்சியை நடத்துகிறவள், போனில் கேட்ட குரலைவிடச் சின்ன வயசு, கறுப்பு காட்டன் புடவை, காதில் ஒரு பக்கம் மட்டும் பெரிய கம்மல். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "துளசிமணி மேம்தானே? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். பார்த்தீங்களா, தனிச் சுவரே குடுத்துட்டோம்." பார்த்தேனுங்க என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். உண்மையாகத்தான் பார்த்தாள், விற்கிறவள் எனக்கு அது தெரியாதா, வாங்குகிற பார்வை எது, வெறும் பார்வை எது என்று. "நடுவர்கள் மூணு பேருமே இது முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னாங்க மேம். ஒரு கூட்டம் இருக்கு, ஆனா யாருக்கும் முகமில்ல. நூல் ஒரு ஆள்கிட்டேருந்து இன்னொரு ஆளுக்கு அறுபடாம ஓடுது. எதையும் மறைக்காம அப்படியே விட்டிருக்கீங்க. அதுக்குக் 'கடைசி நாள்'னு பேர் வேற. எனக்குப் புல்லரிச்சுடுச்சு." கடைசி நாள் என்றால் பொருட்காட்சியின் கடைசி நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள், "சாயங்காலம் நடுவர்கள் மறுபடி ஒரு சுத்து வருவாங்க, அதுக்கப்புறம்தான் பரிசு அறிவிப்பாங்க. நான் எதுவும் சொல்லக்கூடாது. ஆனா நீங்க நல்ல புடவையா கட்டியிருக்கீங்க, அது போதும்," என்று சிரித்தாள். "ஏனுங்க, இதைய இப்பக் கொஞ்சம் மாத்தி மாட்டறதுன்னா..." என்று இழுத்தேன். அவள் முகம் சட்டென்று கவலைப்பட்டது. "கோணலா இருக்கா? லெவல் வச்சுப் பார்த்துதான் மேம் மாட்டினோம். இனிமே யாரும் தொடக்கூடாது, நடுவர்கள் பார்த்தது பார்த்தபடியே இருக்கணும். அதான் இங்க விதி. ஓவியர் தொட்டாக்கூடத் தப்பு." அதெல்லாம் நேராத்தான் இருக்குதுங்க என்றேன். காபி அனுப்புகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

ஓவியர். யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. கடைக்காரம்மா, துணிக்காரம்மா, அந்த ஈரோட்டு அக்கா. இந்தக் கூடத்தை நடத்துகிற இதே குழுவுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை என் மகள் என் படங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், இரண்டு தடவையும் முகத்தைத்தான் எடுத்தாள், வேறு எதை எடுப்பாள். அழகான கைவேலை, ஆனால் இது கலை என்ற வகையில் வராது என்று பதில் வந்தது. அவள் போனில் அதை வாசிக்கும்போது 'அழகான' என்ற சொல்லை மட்டும் அழுத்தி வாசித்தாள், அம்மாவுக்கு வலிக்காதாம். வலித்தது. கண்காட்சிகளில் வருஷா வருஷம் நின்று கால் வீங்கியது வலிக்கவில்லை, ஒரு சொல் வலித்தது. இந்த வருஷம் போட்டோ வேண்டாம், படைப்பையே அனுப்புங்கள் என்று விதியை மாற்றினார்கள். நான் சுருட்டி அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். சேதி வந்த அன்றைக்குப் பக்கத்து வீடு, எதிர் வீடு, சந்தையில் கட்பீஸ் எடுத்து வைத்துத் தருகிற கடை, எல்லாருக்கும் சொன்னேன், என்னமோ நான் சமைந்ததுபோல வீட்டுக்கு வீடு சேதி போனது. இப்போது இங்கே உட்கார்ந்து யோசித்தால் அவர்கள் ஒன்றும் மாறவில்லை. என் முகத்தை அன்றைக்கும் வேண்டாம் என்றார்கள், இன்றைக்குத் திருப்பினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குப் பிடித்தது நான் வெயிலுக்குக் கொடுத்த பக்கம். காய வைத்த பக்கம். கோபம் வந்தது. கோபத்தோடேயே அதைப் பார்த்தேன், பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கேயோ நூல் மாதிரி நழுவிப்போனது. என் எந்தப் படத்தின் முதுகையும் இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. மதியத்தில் திருப்பிவிட்டால் அதற்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், விசிறிக்கொண்டு. அதோ மேலே பச்சை நூல் தீர்ந்து கிளிப்பச்சைக்கு மாறுகிற இடம், அது தஞ்சாவூரில், மழையில் மைதானம் குளமாகி வியாபாரமில்லாமல் தைத்துக்கொண்டே இருந்தபோது. அங்கே ராட்டினத்தின் முதுகில் ஒரு பனியன் துண்டு, அதில் மில்காரர்கள் அடித்த முத்திரை பாதி தெரிகிறது, திருப்பூரில் மூட்டையோடு அள்ளி வந்தது. நடுவில் ஒரு பெரிய முடிச்சு, அது வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கப்போன வாரம், நினைப்பெல்லாம் அங்கே இருக்க நூல் சிக்கிக்கொண்டது, அவிழ்க்கப் பொறுமையில்லாமல் மேலேயே முடிச்சுப் போட்டேன். முன்பக்கத்தில் அந்த இடத்தில் குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது. அந்தப் பெண் சொன்னதில் பொய்யில்லை. எதையும் மறைக்கவில்லைதான். யாராவது என்னைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்றால் இவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படி நினைத்ததும் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, குளிக்கும்போது யாரோ பார்த்துவிட்டு அழகாயிருக்கிறாய் என்று சொன்னதுபோல. இது என்னுடையதுதான், இதற்குப் பரிசு வந்தாலும் எனக்கு வந்ததுதான். பேசாமல் வாங்கிக்கொண்டு போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது.

யாருக்குத் தெரியும் என்றால் ஒரு ஆளுக்குத் தெரியும். ரயில் எழும்பூர் வந்திருக்கும். அவர் மகள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவர் கண்காட்சிக்கு வருவதை விட்டுவிட்டார். அடுத்த கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள், நல்ல பையன்கள்தான், ஆனால் கம்பைப் பிடிக்கச் சொன்னால் செல்போனைக் கீழே வைக்க மாட்டார்கள். ஒரு கையால் பிடித்து என் படத்தின் காதைக் கிழித்தார்கள். அதற்கப்புறம் நான் பெரிய படம் தொங்கவிடுவதையே நிறுத்தினேன், பை, மெத்தை உறை, காபி டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்டத் துணி. பெரிய படத்தை வீட்டிலும், கடையில் ஆளில்லாத நேரத்தில் மடியிலும் வைத்துத் தைக்க ஆரம்பித்தது அப்போதுதான், யாருக்கென்று தெரியாமல். மகள் ஒருநாள் பார்த்துவிட்டு இதைக் கண்காட்சியில் விலைக்கு வைக்காதேம்மா, இது சுவரில் மாட்டுகிறது என்றாள். அப்படித்தான் இந்த வழிக்கு வந்தேன், லட்சியம் கிட்சியம் ஒன்றும் இல்லை, கம்பு பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான். சூசையண்ணனுக்குப் போன் செய்து உங்களைப் படத்தில் வைத்திருக்கிறேன் என்றதும், "என்னையா? என்னத்துக்கு?" என்றார். சங்கை ஒரு பிள்ளையின் காதில் வைத்து, கடல் கேக்குதா பாரு என்று நீங்கள் கேட்பீர்களே, அதைத்தான் வைத்தேன் என்றேன். "சட்டை என்ன கலரு?" வெள்ளைதானுங்கண்ணா, வேறு என்ன நீங்கள் போட்டிருக்கிறீர்கள். "மீசை உண்டுமா?" உண்டுங்க. "அப்பம் வாறேன்," என்றார். "ரெண்டு பேரும் கடைசி நாள் மாத்திக்கிடுவோம்லா, அதையும் கொண்டாறேன்." அதை அவர் நினைவு வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் மைக்கில் நன்றி சொல்லி முடித்ததும் வரிசையில் இருக்கிற கடைக்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் ஒரு பொருளை மாற்றிக்கொள்வோம். விலை பார்க்கக்கூடாது, மிச்சம் மீதியைத் தள்ளக்கூடாது, தன் கடையில் தனக்குப் பிடித்ததை எடுத்துக் கொடுக்க வேண்டும். என் வீட்டு அலமாரியில் தஞ்சாவூர்ப் பொம்மை, நாகர்கோவில் கொட்டாங்குச்சிக் கரண்டி, செட்டிநாட்டுக் கூடை, எல்லாவற்றுக்கும் நடுவில் வரிசையாகச் சங்குகள். அவர் வீட்டுச் சுவரெல்லாம் என் துணி. அன்றைக்கு ஒருநாள்தான் யாரும் யாரையும் வியாபாரி என்று பார்க்க மாட்டோம். பந்தல்காரர்கள் மூங்கிலை உருவ ஆரம்பித்திருப்பார்கள், தரையெல்லாம் செய்தித்தாள், பஜ்ஜிக் கடையில் மிச்ச மாவை எல்லாருக்கும் போட்டுத் தருவார்கள், ராட்டினம் ஆளில்லாமல் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றும். அழுகை வரும், ஏனென்று தெரியாது, அடுத்த மாசம் வேறு ஊரில் இதே ஆட்களைப் பார்க்கத்தான் போகிறோம். அந்தச் சாயங்காலத்தைத்தான் நான் தைத்தேன். அதை இங்கே யாரும் பார்க்கவில்லை. திருப்பிப் போட்டதில் அவர் கடை மாறிப்போன இடது கீழ் மூலையில் இப்போது தெரிவது வெள்ளை பாப்ளின் துண்டுகளின் பிரிந்த விளிம்பு, அதிலிருந்து தொங்கும் ஒரு கறுப்பு நூல். அந்த நூல் அவருடைய மீசையின் மறுபக்கம்.

காபி வந்தது, குடித்தேன், சர்க்கரை இல்லை. மற்ற படங்களைப் பார்க்க ஒரு சுற்று போய்வந்தேன், எதையும் பார்க்கவில்லை, கண் இங்கேயே இருந்தது. இங்கே எல்லாருக்கும் இடம் இருக்கிறது, ஒருவர் படத்துக்கும் அடுத்தவர் படத்துக்கும் நடுவில் மூன்று கடை போடலாம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, தங்கச்சி, செத்த நேரம் கடையப் பாத்துக்க, டீ குடிச்சுட்டு வாறேன் என்று சொல்ல முடியாத தூரம். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக என் படத்தின் முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்காட்சியில் ஆள் வந்து நின்றால் எழுந்து நிற்கிற பழக்கத்தில் நான் ஒவ்வொரு தடவையும் பெஞ்சிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். யாரும் தொடவில்லை. மூலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பெண், எந்த ஊர்ப் பெண்ணோ தெரியாது, ஒருத்தியாவது கையை நீட்டி மூலையைத் தூக்கிவிட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும், நான் சொன்னதாகவும் இருக்காது. எல்லாரும் படித்த கைகள், நீளவேயில்லை. அப்புறம் மிருதுளா நடுவர்களோடு வந்தாள். இரண்டு பேர் ஆண்கள், ஒருவர் பெண், மூவரில் மூத்தவர் நரைத்த தாடியும் ஜிப்பாவுமாக இருந்தார். அவர் என்னை வணங்கினார், நானும் வணங்கினேன். "அம்மா, இதை இப்படியே விடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். குரலில் மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் என்னை வீழ்த்தியது. சொல்லிவிடு துளசிமணி என்று உள்ளே ஒரு குரல். சொல்லாதே, சொன்னால் இந்த மனுஷர் முன்னால் நீயும் சிறுத்துப்போவாய், அவரும் சிறுத்துப்போவார், யாருக்கு என்ன லாபம் என்று இன்னொரு குரல். "பழக்கமுங்க," என்றேன். பொய்யில்லை. அவர் மெதுவாகத் தலையாட்டினார், பெரிய பதிலைக் கேட்டுவிட்டவர்போல.

அப்போதுதான் அந்த நடை கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, தரைக்கு ஒரு தட்டு, தடி. சூசையண்ணன் மூலை திரும்பி வந்தார். புதுச் சட்டை, வெள்ளை, அரைக்கை, மடிப்புக் கலையாமல். மீசைக்கு மை போட்டிருந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் துணிப்பை, அது நான் தைத்துக் கொடுத்த பை, எந்த வருஷத்துக் கடைசி நாளிலோ. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் என்னிடம் வரவில்லை, நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார், நடுவர்களுக்கும் முன்னால். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தன்னைத் தேடுகிறார், இப்போது திரும்பி என்னைப் பார்ப்பார், நான் எங்கே தங்கச்சி என்று கேட்பார், நான் அந்தக் கறுப்பு நூலைக் காட்ட வேண்டிவரும் என்று நினைத்தேன். அவர் தேடவேயில்லை. மேலே கூரையைப் பார்த்தார், பக்கத்துச் சுவர்களைப் பார்த்தார், ஜன்னல் எங்கே என்று பார்த்தார். ஜன்னல் இல்லை. பிறகு அடுத்த கடையிலிருந்து கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார், "ஏந் தங்கச்சி, இங்கயும் வெயில் அடிக்குமா?"

கூடம் முழுக்க அது கேட்டது. பெரிய குரல், மைதானத்தில் பழகிய குரல். மிருதுளா என்னைப் பார்த்தாள், தாடிக்காரர் படத்தைப் பார்த்தார், பிறகு அவரும் என்னைப் பார்த்தார். உள்ளே பேசிக்கொண்டிருந்த இரண்டு குரலும் வாயை மூடிக்கொண்டன. நான் எழுந்தேன். "இல்லீங்கண்ணா," என்றேன். "இங்க வெயிலே இல்லீங்க." "பெறகென்ன, சாயங்காலம் ஆயிட்டுல்லா," என்றார் அவர், தடியைப் பெஞ்சில் சாய்த்தார், கையிலிருந்த பையைத் தாடிக்காரரிடம் நீட்டினார். "சார்வாள், இதைச் செத்தப் பிடிங்க. சங்கு இருக்கு, பையக் கீழ வச்சிராதிய." அவர் வாங்கிக்கொண்டார், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. "சார், தொடக்கூடாது, ப்ளீஸ், மேம், நீங்களாவது சொல்லுங்க," என்று மிருதுளா பதறினாள், பாவம். அவளுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கால் அதற்குள் இடது பக்கம் போய்விட்டது, அது எப்போதும் என் பக்கம். அவர் முழங்காலை இழுத்துக்கொண்டு வலது பக்கம் போனார். மூங்கில் சில்லென்று இருந்தது, ஏசி குளிர். "பிடிச்சுட்டியா தங்கச்சி?" "பிடிச்சுட்டேனுங்கண்ணா." "ம்." தூக்கினோம், சுற்றினோம், மாட்டினோம். கை மறக்கவில்லை. காற்றில் துணி ஒருமுறை உப்பி அடங்கியது, மஞ்சள் பல்புகளெல்லாம் வெளியே வந்தன. பின்னால் நின்றவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டடி பின்னால் வந்து, மூச்சு வாங்க, கண்ணைச் சுருக்கி, ராட்டினத்திலிருந்து இறங்கி, அப்பளக்காரியைத் தாண்டி, தூங்குகிற பிள்ளையைத் தாண்டி, வலது கீழ் மூலைக்கு வந்தார். குனிய முடியாத காலோடு குனிந்தார். விரலை நீட்டித் தன் மீசையைத் தொட்டார்.

"இங்கன இருக்கேம் பாரு," என்றார்.